கண்ணால் பார்த்தவர் மட்டும்

எங்கள் வாய்க்காலுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே பிரியும் சிறிய வாய்க்கால் அது. தலைமடையிலிருந்து கடைமடை வரை ஏறக்குறைய அறுபது விவசாயிகள். முறைத் தண்ணீர் எந்த மதகைத் தாண்டியிருக்கிறது என்று சொல்வது மட்டுமே குழுவின் வேலை. அதைத் தொடங்கியவர் என் அக்காவின் கணவர். கடைமடையில் அவருக்கு மூன்று ஏக்கர். நான் தஞ்சாவூரில் ஒரு நாளிதழில் செய்தி திருத்திக்கொண்டிருந்தேன். விவரம் தெரிந்தவன் என்று என்னையும் அட்மின் ஆக்கினார்.

குழுவுக்கு ஒரே விதி. கண்ணால் பார்த்தவர் மட்டும் எழுதலாம். ஒரு குறுவையில், நடு மதகைத் தண்ணீர் தாண்டிவிட்டதாக யாரோ சொல்ல, யாரோ எழுத, அத்தான் ஆள் விட்டு நாற்றுப் பறித்துவிட்டார். தண்ணீர் நான்கு நாள் கழித்துத்தான் வந்தது. அதற்குள் முடிகட்டிய நாற்று முழுவதும் மஞ்சளாகிவிட்டது. அதன் பிறகுதான் அந்த விதி.

தொற்று வந்த முதல் வருடம் அந்த விதி எங்களைக் காப்பாற்றியது. வெட்டிய வெங்காயத்தை வீட்டு மூலையில் வைத்தால் கிருமியெல்லாம் அதில் ஏறிக்கொள்ளும் என்று ஒருவர் அனுப்பினார். மதகு திறக்கும் லஸ்கர் உடனே குரல் பதிவு போட்டார்: “ஏறினத நீ பாத்தியாப்பா? இல்ல வெங்காயமே வந்து சொல்லுச்சா?” அனுப்பியவர் அழித்துவிட்டார். அலுவலகத்தில் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

மறு வருடம் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி முகாம் போட்டார்கள். அத்தானுக்கு அறுபது தாண்டிவிட்டது, சர்க்கரையும் இருந்தது. அடுத்த முகாமுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். அந்த வாரத்தில் தலைமடை விவசாயி ஒருவரின் குரல் பதிவு வந்தது.

“செவ்வாக்கெழம எங்க அண்ணன் ஊசி போட்டுக்கிட்டாருங்க. வெள்ளிக்கெழம போயிட்டாரு. நான்தான் கூட இருந்தேன். என் கண்ணால பாத்தேன்.”

தலைமடைக்காரர் என்பதால் ஒவ்வொரு முறையும் தண்ணீரை முதலில் பார்த்து எழுதுபவர் அவர். அவர் எழுதிய பிறகுதான் மற்றவர்கள் தங்கள் மதகைப் போய்ப் பார்ப்பார்கள். அவர் எழுதி ஒருமுறைகூடத் தவறியதில்லை. அவரைப் பார்த்து லஸ்கர்கூட ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் வயலுக்குப் போனேன். வரப்பில் நின்றபடியே பேசினோம்.

“காய்ச்சல் எப்பங்க ஆரம்பிச்சது?”

“ஊசிக்கு மூணு நாள் முந்தியே லேசா இருந்துச்சு. மாத்தர போட்டுக்கிட்டுப் போனாரு. முகாம்ல கேட்டாங்க, இல்லன்னுட்டாரு. சொன்னா திருப்பி அனுப்பிடுவாங்கல்ல?”

“டெஸ்ட் எடுத்தாங்களா?”

“எடுத்தாங்க. எல்லாம் முடிஞ்சப்பறம்தான் ரிசல்ட்டு வந்துச்சு. கொரோனாதான்னு.”

“அதக் குழுவுல சொல்லலியே நீங்க?”

“யாரும் கேக்கலியே. நான் பொய் ஒண்ணும் சொல்லலீங்களே.”

உண்மைதான். அவர் சொன்னதில் திருத்த ஒரு சொல்கூட இல்லை. இதையும் அவர் குரலிலேயே சொல்லிவிடும்படி கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“செத்த மனுசன் காய்ச்சல மறச்சுட்டுப் போனாருன்னு நானே ஊருக்குச் சொல்லணுமா?”

வீட்டுக்கு வந்து நானே எழுதினேன். அவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று, பழக்கப்பட்ட நடையில், ‘தெரியவருகிறது’, ‘கூறப்படுகிறது’ என்று நான்கு பத்தி. இறந்தவருக்கு முன்பே தொற்று இருந்தது, ஊசி காரணமல்ல என்பதைத்தான் சொல்லியிருந்தேன். பதிவிட்ட ஐந்தாவது நிமிடம் அத்தான் அழைத்தார்.

“மாப்ள, இது யாரு பாத்தது? நீயா?”

“விசாரிச்சேன் அத்தான்.”

“யாருகிட்ட?”

சொல்லவில்லை.

“விசாரிச்சதுல்லாம் ஒங்க பேப்பர்ல போட்டுக்க. இங்க அழிச்சுடு. நீயே அட்மினு, நீயே சட்டத்த மீறுனா அப்பறம் நாளைக்கு எவனையாவது கேக்க முடியுமா?”

“நீங்க ஊசி போட்டுக்கறீங்கதானே?”

“நடவு முடியட்டும். சேத்துல எறங்கி நிக்கிற நேரத்துல விழுந்துட்டா ஒங்கக்காவா நடவு பாப்பா?”

அழித்தேன். அவரிடம் மட்டுமாவது யாரிடம் விசாரித்தேன் என்று சொல்லியிருக்கலாம். தகவல் தந்தவரைக் காப்பது தொழில் தர்மம் என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

அடுத்த முகாமுக்கு அத்தான் போகவில்லை. மேட்டூர் திறக்கும் முன்பே அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஆறாம் நாள் மூச்சு வாங்கியது. தஞ்சாவூர் மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தார். என்னை உள்ளே விடவில்லை. மயானத்தில், கட்டிய உடலைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். முகம் தெரியவில்லை. அட்டையில் எழுதியிருந்த பெயரைப் படித்தேன்.

மூன்றாம் நாள் அக்கா என் கைபேசியைக் காட்டிச் சொன்னாள்: “இப்ப போடு தம்பி. இப்பதான் நீ கண்ணால பாத்துட்டியே.”

அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை.

ஒரு வரி எழுதினேன். ‘அத்தான் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. இறந்துவிட்டார். பார்த்தேன்.’ அனுப்பும்போதே அதன் கோளாறு தெரிந்தது. ஊசி போட்டார், இறந்தார் என்பதும், போடவில்லை, இறந்தார் என்பதும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு சாவை வைத்துக்கொண்டு எதையும் நிறுவ முடியாது. வேறொருவர் எழுதி என் மேசைக்கு வந்திருந்தால் அதை வெட்டியிருப்பேன். ஆனால் அடுத்த முகாமில் எங்கள் வாய்க்காலிலிருந்து பலர் வரிசையில் நின்றார்கள். நான்கு பத்தி செய்யாததை அந்த ஒரு வரி செய்தது. அதில் எனக்கு எந்த நிம்மதியும் இல்லை.

வரி போன அன்றே தலைமடைக்காரர் குழுவிலிருந்து விலகினார். அவரைக் குறித்து நான் எழுதவில்லை. அவர் அப்படி எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு முறை அழைத்தேன், எடுக்கவில்லை.

மேட்டூர் திறந்து பல நாள் கழித்து, ஒரு காலையில் அக்கா அழைத்தாள்.

“தம்பி, தண்ணி நம்ம வயலுக்குள்ள வந்துடுச்சு. நடவுக்கு ஆளுகூடச் சொல்லல நான். ஒருத்தரும் எழுதலியே, ஏன்?”