எதிர்மூலை

தொண்ணூற்றொன்றில் அப்பாவுக்கு வடக்கே மாற்றல் வந்தது. பாஷை தெரியாத ஊரில் எட்டாம் வகுப்பில் சேர்ந்து நான் திண்டாட வேண்டாம் என்று என்னை மண்ணூரில் சித்தி வீட்டில் விட்டுவிட்டு அம்மாவும் அப்பாவும் ரயிலேறிவிட்டார்கள். சித்தி நல்லவர்தான். ஆனாலும் அந்த வீட்டில் என்னோடு உட்கார்ந்து பேச யாருக்கும் நேரமில்லை. நான் ஒட்டிக்கொள்ளப் பார்த்தது சித்தியின் மகளிடம்தான். பத்தாவது படித்த அந்த அக்காவோ நாலு வார்த்தை பேசினால் அதில் மூன்று வாலிபாலைப் பற்றியதாக இருக்கும்.

பள்ளியின் பெண்கள் அணிக்கு அக்காதான் கேப்டன். அணியில் சரியாக ஆறு பேர். அதில் ஒருத்திக்கு வைகாசியில் கல்யாணமாகி ஐந்தானது. ஐந்து பேரை வைத்துப் போட்டிக்குப் போக முடியாது. ஒரு நாள் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஒசரமாத்தான கீற, வா" என்றாள். தலைகால் புரியாமல் ஓடினேன். மற்ற நால்வருக்கு நான் அவர்களுடைய தோழியின் இடத்தில் வந்து நின்றவள். பந்து என் பக்கம் வந்தால்கூடப் பெயர் சொல்ல மாட்டார்கள். "தோ, ஒன்னுது" என்பதோடு சரி.

ஆட்டம் எனக்குப் பிடித்துப்போனதற்கு அதன் விதிகளே காரணம். பந்து நம் பக்கம் வந்தால் மூன்று தொடுதலுக்குள் வலைக்கு அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். ஒருத்தியே அடுத்தடுத்து இரண்டு முறை தொடக்கூடாது. ஆக, என் முகத்தைப் பார்க்காதவளும் எனக்குப் பந்தைத் தந்துதான் ஆக வேண்டும். முன்வரிசையில் மூவர், பின்வரிசையில் மூவர். எதிரணியிடமிருந்து சர்வீஸைப் பறித்ததும் ஆறு பேரும் கடிகார முள் சுற்றும் திசையில் ஓர் இடம் நகர வேண்டும். இப்படி நகர்ந்து நகர்ந்து எப்படியும் அக்காவின் பக்கத்தில் போய் நின்றுவிடலாம் என்று நம்பினேன்.

எல்லோரும் சேர்ந்தே நகர்ந்தால் யாரும் யாரையும் நெருங்க முடியாது என்பது இந்த மண்டையில் ஏற ஒரு வாரம் ஆயிற்று. அக்கா பின்வரிசையில் வலது மூலை என்றால் நான் முன்வரிசையில் இடது மூலை. அவள் முன்னால் வந்தால் நான் பின்னால் போய்விடுவேன். யார் எங்கே என்று காகிதத்தில் எழுதியவள் அவள்தான். வேண்டுமென்றே என்னைத் தள்ளி வைத்திருக்கிறாள் என்று எனக்கு அழுகையாக வந்தது. கொடுத்த வேலையும் அப்படித்தான் இருந்தது.

"நான் பின்னாடி போனா நீ முன்னாடி வருவ இல்ல? அப்ப நீ அடிக்காத. மேல தூக்கிக் குடு. அவளுங்க அடிப்பாளுங்க."

அடிப்பவளுக்குக் கைதட்டல், தூக்கிக் கொடுப்பவளுக்கு விரல்வலி. முன்வரிசைக்கு வரும்போது அக்காவும் அதே வேலையைத்தான் செய்தாள். ஆனால் அவள் கேப்டன். அவள் என்ன செய்தாலும் அழகு.

எங்களோடு பயிற்சி ஆட எதிரணி கிடையாது. கணக்கு வாத்தியார்தான் வலைக்கு அப்பால் நின்று பந்தை அடித்துப் போடுவார். அவர் அடிக்கும் முன்பு யார் எங்கே நிற்கிறார்கள் என்று அவரும் பார்த்ததில்லை, எங்களுக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. அவர் கையை ஓங்கும்போதே நான் நைசாக அக்கா இருக்கும் பக்கம் நழுவிவிடுவேன். விசில் ஊத ஆளில்லாததால் அது தவறு என்றே எனக்குத் தெரியாது.

மைதானம் பெங்களூர் சாலையை ஒட்டி இருந்தது. லாரி கிளீனர்கள் வேகத்தைக் குறைக்கச் சொல்லி வேடிக்கை பார்ப்பது சித்தப்பாவுக்குப் பிடிக்காது. போட்டி தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியின் உள்ளரங்கில் என்று தெரிந்த பிறகுதான் ஒருவழியாக இறங்கி வந்தார்.

"கூரைக்குள்ளன்னா போய் ஆடிட்டு வா. கெலிச்சா அடுத்த ஆட்டத்துக்குப் போ, நான் ஒன்னியும் சொல்ல மாட்டேன். தோத்துட்டா இத்தோட வுட்டுடணும்."

அக்கா சரி என்று தலையாட்டினாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

கூரைக்கு அடியில் ஆடுவது எங்கள் ஆறு பேருக்கும் அதுதான் முதல் தடவை. பந்து தரையில் பட்டால் நாலு சுவரும் திருப்பிச் சொல்லின. முதல் செட் அவர்களுக்கு, இரண்டாவது எங்களுக்கு. மூன்றாவதில் அவர்கள் பதினான்கு, நாங்கள் பதின்மூன்று. சர்வீஸ் அக்காவிடம் இருந்தது. அவள் அடித்த பந்து வலையில் முட்டி விழுந்தது. அன்றைய விதிப்படி சர்வீஸ் போடும் அணிக்குத்தான் புள்ளி. ஆகவே புள்ளி போகவில்லை, சர்வீஸ் மட்டும் அவர்களிடம் போனது. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் அவர்கள் வென்றுவிடுவார்கள்.

அக்கா வலது மூலையில் நின்று தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. என்னால் இடது மூலையில் நிற்க முடியவில்லை. எதிரணிப் பெண் பந்தைத் தூக்கிப் போடும் முன்பே, நடுவில் நின்றவளைத் தாண்டிப் போய் அக்காவுக்கு முன்னால் நின்றுகொண்டேன். பந்து எதிரணிப் பெண்ணின் கையில் பட்ட அதே நொடியில் விசில் கேட்டது.

சர்வீஸ் போடும் அந்த நொடியில் அவரவர் இடத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு எங்கே வேண்டுமானாலும் ஓடலாம். நடுவர் என்னைக் கைகாட்டி, வாத்தியாரிடம் இதை நிதானமாக விளக்கினார். ஒரு மூச்சு பொறுத்திருந்தால் போதும். பதினைந்தாவது புள்ளியை நானே தூக்கிக் கொடுத்திருந்தேன்.

திரும்பும் பேருந்தில் நால்வரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். நான் கடைசி இருக்கையில் வலை மூட்டையோடு உட்கார்ந்தேன். மண்ணூரில் இறங்கி நடக்கும்போது அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏன்டி எடத்த வுட்டு வந்த?"

"தெர்லக்கா."

அவள் பக்கத்தில் நிற்க ஆசையாக இருந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் அக்கா பந்தைப் பள்ளியில் ஒப்படைத்தாள். சித்தப்பா சொன்ன சொல் மாறவில்லை, அவளும் மறுபடி ஆடவில்லை.

மூன்று வருஷம் கழித்து, வேறு ஊரில், வேறொரு அணியில் சேர்ந்தபோது பயிற்சியாளர் முதல் நாளே கரும்பலகையில் ஆறு கட்டங்கள் போட்டார். பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்கள் அணியில் இரண்டு பேர். இருவரும் எப்போதும் எதிரெதிர் மூலையில்தான் நிற்பார்கள். அப்போதுதான் ஒருத்தி பின்னால் போனதும் மற்றவள் முன்வரிசையில் அவள் வேலையை எடுத்துக்கொள்ள முடியும் என்றார். அணியில் நம்பிக்கையான இரண்டு பேருக்குத்தான் அந்த மூலைகள் என்றும் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன். வருஷக்கணக்காகத் தன்னோடு ஆடிய நால்வரை விட்டுவிட்டு, வந்து ஒரு வாரம்கூட ஆகாத எனக்கு அக்கா கொடுத்திருந்தது அந்த மூலையைத்தான்.