நான் கூட்டி எழுதிய வயது

என் கணவருக்கு முப்பத்திரண்டு வயது நடந்தபோது நாற்பத்தாறு என்று எழுதினேன். நீல மையில், கோணல் இல்லாமல், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய அதே கையெழுத்தில் எழுதினேன். இன்றைக்கு அவரைப் பார்க்கிறவர்கள் யாரும் அதைப் பொய் என்று சொல்ல மாட்டார்கள்.

அது எழுபதுகளின் பின்பாதி. மதுவிலக்கு இருந்த காலம். சங்கரன்கோவிலில் ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். வீட்டை ஒட்டியே தறிக் கொட்டகை, துண்டு நெய்கிற நான்கு விசைத்தறிகள். மூத்தவளுக்கு அப்போது ஒன்றரை வயது. தறிச் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்குவாள். கரண்டு போய்ச் சத்தம் நின்றால் விழித்துக்கொண்டு அழுவாள்.

அவரைக் கெட்டவர் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். பீடி உண்டு. நூல் கிடக்கிற இடத்தில் நெருப்பு கூடாது என்பதால், தறியை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் போய்ச் சுவரோரம் குந்தி உட்கார்ந்து குடிப்பார். ஒவ்வொரு பீடிக்கும் ஒரு தடவை எழுந்து போக வேண்டியிருந்ததால் அது ஓர் அளவுக்குள் நின்றது. மாதத்தில் இரண்டு தடவை சாராயமும் உண்டு. குருவிகுளம் போகிற பாதையில் முள்ளுக்காட்டுக்குள் எவனோ காய்ச்சுவான். குடித்துவிட்டுக் கொய்யா இலையை மென்றுகொண்டு வருவார். என் முகத்தைப் பார்க்காமல் தட்டுக்கு முன்னால் உட்காருவார். நானும் தெரியாதவள்போலச் சோறு வைப்பேன். அந்தக் கூச்சம்தான் அவருக்கு இருந்த ஒரே காவல் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

எனக்கு வேறு பயம். சுற்று வட்டாரத்தில் எங்கோ ஒருவருக்குச் சாராயம் குடித்துக் கண் போய்விட்டது என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவர் வர நேரமானால் வாசலில் நின்றுகொண்டிருப்பேன். நடந்து வருகிறாரா, தடவிக்கொண்டு வருகிறாரா என்று பார்ப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய கூட்டாளி ஒரு விண்ணப்பப் பாரத்தைக் கொண்டுவந்தார். நூல் புரோக்கர், வாய் ஓயாத மனிதர்.

"ஒங்க கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும்னு இவரு ஊரெல்லாம் சொல்லுதாரு மதினி. இத ஒண்ணு பூர்த்தி பண்ணித் தாங்க."

"என்னது இது?"

"பர்மிட்டு. கவர்மென்டே குடுக்குது. ஒடம்புக்கு முடியாதவங்க பிராந்திய மருந்தா வாங்கிக்கிடலாம்."

"இவுகளுக்கு என்ன முடியல?"

"அத டாக்டர் சொல்லுவாரு. நீங்க வயச மட்டும் கொஞ்சம் கூட்டிப் போடுங்க. இந்த வயசுக்குக் குடுக்க மாட்டாங்க."

என் கணவர் குழந்தையின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "கண்டதயும் குடிச்சிக் கண்ணவிஞ்சி போறதுக்கு இது தேவலதானட்டி?"

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சுத்தமான சரக்கு, டாக்டர் சொன்ன அளவு. பொய் எழுதுவது தப்புதான். கண் போவது அதைவிடப் பெரிய தப்பில்லையா? எத்தனை கூட்டவேண்டும் என்று கேட்டேன். பதினாலு என்றார் கூட்டாளி.

"அம்புட்டா? ஆளப் பாத்தா நம்புவாங்களா?"

"தறியில இருந்து அப்படியே எந்திச்சு வரச் சொல்லுங்க மதினி, தலைக்குக் குளிக்காம. தலையில ஒட்டுன அந்த வெள்ளப் பஞ்சோட போயி நின்னாருன்னா டாக்டர் அறுபதுன்னே எழுதிருவாரு."

அவர்கள் இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர் அவர். பிறந்த வருஷம் இருந்தது பெட்டிக்குள் கிடந்த ஜாதகத்தில் மட்டும். எழுதியதை மறுக்க ஊரில் வேறு காகிதம் இல்லை. காரணம் என்ற இடத்தில் உடல் பலவீனம், தூக்கமின்மை என்று எழுதினேன். அப்போதெல்லாம் அவர் படுத்தால் அடித்து எழுப்ப வேண்டும். அப்படித் தூங்குவார்.

சொன்னபடியே தலையில் பஞ்சோடு போனார். சில வாரங்களில் பர்மிட் புத்தகம் வந்தது. நூல் எடுக்கத் திருநெல்வேலி போனவர் பாட்டிலும் வாங்கி வந்தார். குழந்தையின் கிரைப் வாட்டருக்குப் பக்கத்தில், அதே அலமாரியில் வைத்தார்.

கொய்யா இலை அன்றோடு நின்றது. மாதத்தில் இரண்டு தடவை என்பது வாரத்தில் இரண்டானது, பிறகு தினமும் ஆனது. சாப்பாட்டுக்கு முன்னால் டம்ளரை நீட்டி, "அந்த மருந்த எடு" என்பார். பிராந்திக்குப் பீடி சேரவில்லையாம், சிகரெட் வந்தது. தறிக்கு வெளியே இருந்த நெருப்பு வீட்டுக்குள் வந்தது. தொட்டிலை ஜன்னல் பக்கம் மாற்றினேன். பிறகு அடுக்களைக்குள் மாற்றினேன். புகை அங்கேயும் வந்தது.

ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன், இது கொஞ்சம் கூடிப்போகிறதோ என்று.

"டாக்டர் எழுதிக் குடுத்தது. நீ எழுதிக் கேட்டது. இப்ப எதுக்கு மூஞ்சத் தூக்குத?" என்றார். கோபம்கூட இல்லை. நியாயத்தைச் சொல்கிற குரல்தான்.

அந்தப் புத்தகத்தைக் கிழித்து அடுப்பில் போடலாமா என்று எத்தனையோ தடவை கையில் எடுத்திருக்கிறேன். கிழித்தால் மறுபடி முள்ளுக்காட்டுக்குப் போவாரே என்று வைத்துவிடுவேன். சில வருஷங்களில் சட்டம் தளர்ந்து கடைகள் திறந்தன. புத்தகம் தேவையில்லாமல் போயிற்று. பழக்கத்துக்கு அதற்குள் வயதாகிவிட்டது.

தறியிலிருந்து வந்ததும் துண்டால் அவர் தலையைத் துடைத்துவிடுவது என் வழக்கம். தலை முழுக்கப் பஞ்சு உட்கார்ந்திருக்கும், இரண்டு இழுப்பில் கறுப்பு முடி வெளியே வரும். இளையவள் வயிற்றில் இருந்தபோது ஒரு சாயங்காலம் துடைத்தேன். வெள்ளை போகவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தேன்.

"தோல உரிக்கப் போறியா?" என்றார்.

துண்டை உதறிப் பார்த்தேன். அதில் பஞ்சு இருந்தது. அவர் தலையில் இருந்தது பஞ்சு இல்லை. அப்போது அவருக்கு முப்பத்தாறு.

நரை எல்லோருக்கும் வரும் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அது நரையோடு நிற்கவில்லை. அறுந்த இழையை முடிச்சுப் போட விரல் நிற்காமல் நடுங்கியது. "நீ போடுட்டி, கண்ணு சரியாத் தெரியல" என்பார். கண் தெரிந்தது. விரல்தான் பேச்சுக் கேட்கவில்லை. காலையில் எழுந்ததும் அரைமணி நேரம் இருமல். கன்னம் ஒட்டிப்போயிற்று, வயிறு மட்டும் முன்னால் வந்தது. நான்கு தறி ஓட்டினவர் இரண்டு ஓட்டினார். மற்ற இரண்டையும் நான் பார்த்துக்கொண்டேன்.

என் கவலை ஒன்றுதான். இரண்டு பெண்பிள்ளைகள். அவர்கள் தலையெடுக்கிறவரைக்கும் இவர் உடம்பில் தெம்பு இருக்குமா? மற்றவர்கள் மெதுவாக, வருஷத்துக்கு ஒரு வயதாகத்தான் கிழவர்கள் ஆகிறார்கள். இவருக்கு மட்டும் ஏன் இத்தனை வேகம்? நான் எழுதியது பலித்துவிட்டதோ? படித்தவள் இப்படி நினைக்கக் கூடாது. ஆனாலும் நினைத்தேன்.

மூத்தவள் சிறு பிள்ளையாக இருந்தபோது கோயில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு அவளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு, அந்தக் கூட்டத்தில் ஒரு சாயங்காலம் முழுக்க நின்றவர் அவர். இளையவளுக்கு மூன்று வயதானபோது அதே திருவிழாவில் அவளும் தோளில் ஏற வேண்டும் என்று அழுதாள். தூக்கி வைத்துக்கொண்டார். பத்தடி போயிருப்பார். ஒரு வளையல் கடையின் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மூச்சு இழுக்கிற சத்தம் கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே எனக்குக் கேட்டது.

பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என்னைக் கடிந்துகொண்டாள். "பெரியவருகிட்டப் புள்ளையக் குடுத்துட்டு நீ வெறுங்கைய வீசிட்டு வாரியே. ஒங்கப்பாவுக்கு மூச்சு வாங்குதுல்லா, பாவம்."

"சரிக்கா" என்றேன். என் கணவர் என்று சொல்லவில்லை. சொன்னால் அவருக்குத்தான் அவமானம் என்று நினைத்தேனா, எனக்கு என்று நினைத்தேனா, இன்றுவரை தெரியவில்லை. அவர் காதில் விழுந்தது. குழந்தையை என்னிடம் இறக்கிக் கொடுத்துவிட்டுச் சட்டைப்பையில் தீப்பெட்டியைத் தேடினார்.

அதற்கு அடுத்த வருஷம் கால் இரண்டும் வீங்கின. மூத்தவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, இளையவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவரைப் பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சீட்டு எழுதுகிற ஜன்னலில் பெயர் சொன்னேன்.

"வயசு?"

"நாப்பது."

"ஒங்க வயசக் கேக்கலம்மா. நோயாளி வயசு."

"அவுக வயசுதான் சார்."

எழுதுகிறவர் தலையைச் சாய்த்து என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். பேனா அசையவில்லை. பின்னால் சுவரில் சாய்ந்து நின்றிருந்த என் கணவர் சொன்னார்: "அம்பத்திநாலுன்னு போடுங்க சார். நிக்க முடியல."

பேனா எழுதியது. அந்தப் பொய்யை நான் மட்டும்தான் மனசில் வைத்திருக்கிறேன் என்று இருந்தேன். அவரும் வருஷத்துக்கு ஒன்றாகக் கூட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், முதுகில் குழலை வைத்துக் கேட்டார். நிதானமாகத்தான் சொன்னார். "ஈரல் கெட்டுருக்கு. நெஞ்சும் சரியில்ல. குடி, சிகரெட் ரெண்டையும் இன்னையோட நிறுத்தணும். நிறுத்தினா மிச்சம் இருக்கத வச்சு ஓட்டலாம், போனது திரும்பாது. அம்பது தாண்டின ஒடம்பு வேற."

நாற்பதுதான் டாக்டர் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் இன்னும் தீவிரமாகப் பார்ப்பாரோ? அல்லது, நாற்பதிலேயே இந்த நிலையா என்று கையை விரிப்பாரோ? சீட்டில் ஏன் பொய் எழுதினீர்கள் என்று கேட்பாரோ? யோசித்துக்கொண்டு நிற்கும்போதே அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எதைச் செய்யும் முன்பும் பத்துத் தடவை யோசிக்கிறவள் நான். அந்தப் பாரத்தை எழுதிய அன்றைக்கு மட்டும் யோசிக்கவில்லை.

சங்கரன்கோவில் பஸ்ஸுக்காக பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தோம். இளையவள் என் மடியில் தூங்கிவிட்டாள். எதிரே பெட்டிக்கடை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கக் கையை ஊன்றினார், முடியவில்லை. மறுபடி ஊன்றினார்.

"ஒண்ணே ஒண்ணுட்டி" என்றார். "அதோட விட்டுருதேன்."

"டாக்டர் இப்பத்தான சொன்னாரு?"

"சொன்னாரு." தலையைக் குனிந்துகொண்டார். கொய்யா இலை மென்ற நாட்களில் இருந்த அதே முகம். எத்தனையோ வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். "கையெல்லாம் நடுங்குது மக்கா."

மூன்றாவது தடவை கையை ஊன்றி எழுந்தவர் முன்பக்கம் தள்ளாடினார். தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். குழந்தையை அவர் பக்கத்தில் பெஞ்சில் படுக்கவைத்துவிட்டுப் போய் ஒரு சிகரெட் வாங்கி வந்தேன். வெளிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் கிழித்த முதல் குச்சி விரல் நடுக்கத்தில் கீழே விழுந்தது.

இரண்டாவது குச்சியை நான் கிழித்தேன். அணையாமல் இருக்க மறுகையால் மறைத்துக்கொண்டேன்.