சுழி போட்ட கார்டு

புதுக் கதை தொடங்கத் தாளை எடுத்ததும் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"மேல பிள்ளையார் சுழி போடுங்க. எப்பவும் மொட்டையாவே எழுதுதியளே!"

குற்றாலச் சாரலில் தாள் நமுத்திருந்தது. சுழி போடக் கை வரவில்லை.

தென்காசியில் நான் நாலாம் வகுப்பு படித்தபோது பக்கத்து வீட்டுப் பெரியப்பா இறந்துபோனார். அவர் மகள் செல்லம்மா அக்கா புனலூருக்கு அப்பால் மலைத்தோட்டத்தில் கூலி வேலையில் இருந்தாள். அவர் மனைவி பெரியம்மைக்கும் அக்காவின் தம்பிக்கும் எழுதத் தெரியாது. பெரியம்மை அழுதுகொண்டே சொல்லச் சொல்ல, அக்காவுக்குத் தபால் கார்டு எழுதினேன். பள்ளிக்கூடப் பழக்கத்தில் முதலில் சுழியைப் போட்டுவிட்டேன். சாவுச் சேதிக்கு அதைப் போடக் கூடாது என்று எனக்குத் தெரியாது.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அங்கே மலையாளம்தான்; தமிழ் படிக்க ஆளும் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து, தலை நிறையப் பிச்சிப்பூவும் கையில் நேந்திரங்காய் வறுவலுமாக வந்து நின்றாள்.

"ஏலே, எந் தம்பிக்குப் பொண்ணு அமைஞ்சிட்டா? சுழியப் பாத்ததுமே நல்ல சேதின்னு தெரிஞ்சிட்டு. எங்க ஐயா எங்கலே?"

பெரியம்மை வெள்ளைச் சேலையில் வெளியே வந்தாள்.

அழுகையெல்லாம் அடங்கிய பிறகு, அக்கா மடியிலிருந்த கார்டை என்னிடம் நீட்டினாள்.

"படிலே."

நாலே வரி. படித்தேன்.

"இன்னொரு தடவ படி."

எழுதியதை இரண்டு தடவை வாய்விட்டுப் படிக்காமல் இன்றும் நான் தபாலில் சேர்ப்பதில்லை. இரண்டு தடவையும் செல்லம்மா அக்கா எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.