ட்வைலாவின் மேல்வரிசை

ஆப்பிளை வெங்காயச் சருகு போல மெல்லியதாகச் சீவி, கத்தி முனையிலேயே ஏந்தி, நாக்கின் மேல் வைத்துக்கொள்வாள் ட்வைலா. கடிக்க மாட்டாள், வாயை மூடிக்கொண்டு உறிஞ்சுவாள். ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்த கையோடு, பூட்டிய நூலகத்தின் முன்னால் அவளுடைய பழைய பிக்கப் வண்டிக்குள் இது நடக்கும். நூலகத்தைப் பூட்டினாலும் அதன் வைஃபையைப் பூட்டுவதில்லை என்பதால், ஒஹாயோவின் இந்த மூலையில் வேலை போனவர்கள் எல்லோரும் இங்கே வந்துதான் வேலையில்லாக் காலப் பணத்துக்கு வாராவாரம் மனு போடுகிறோம்.

செல்போன் வாராவாரம் அதே கேள்விகளைக் கேட்கும். 'இந்த வாரம் உங்களுக்கு வந்த வேலை எதையாவது மறுத்தீர்களா?' என்ற இடம் வந்ததும், ட்வைலா கத்தியோடு திரையிடம் சண்டைக்குப் போவாள்.

"எவன்டா கூப்பிட்டான், நான் மாட்டேன்னு சொல்றதுக்கு?"

பிறகு சமர்த்தாக 'இல்லை' என்பதை அமுக்குவாள்.

ஐம்பத்தாறு வயது. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். போகும்போது கடனில்லாத வீட்டை விட்டுப் போனார். இதைச் சொல்லும்போதே எனக்குக் கொஞ்சம் எரிகிறது, என்ன செய்ய? குளிர்சாதனப் பெட்டிக் கதவுக்கு ரப்பர் விளிம்பு செய்யும் ஆலையில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து இயந்திரம். மணி மூன்று அடித்தால் அவள் கையுறையைக் கழற்றிவிடுவாள். "ரோண்டா, மூணு மணிக்கு மேல என் கால் என் பேச்சைக் கேக்காதுடி" என்பாள். மற்றவர்கள் மிகைநேர வேலைக்கு அடித்துக்கொள்வோம். அதில் முதல் ஆள் நான்.

எதற்கும் ஒரு பட்டப்பெயர் வைப்பது அவள் பழக்கம். இயந்திரத்துக்கு 'கிழட்டுக் கழுதை'. மாவட்ட நல அலுவலகத்தில் எங்கள் விவரங்களைப் பார்க்கும் அம்மாளுக்கு 'மாமியார்'. மேல்வரிசைப் பற்கள் ஒவ்வொன்றாக விழுந்து ஐந்து மிஞ்சியபோது, அவற்றுக்கு 'போர்டு மெம்பர்கள்' என்று பெயர். "ஒரு வேலையும் செய்ய மாட்டானுங்க, ஆனா எடத்த விட்டு நகர மாட்டானுங்க."

ஆலை மூடியதும் இரண்டு பேரும் ஒரே நாளில் மாமியார் முன்னால் போய் உட்கார்ந்தோம். ஏழைகளுக்கான அரசு மருத்துவ அட்டைக்கு மாத வருமானத்தில் ஒரு கோடு உண்டு. அதற்குக் கீழே இருந்தால் அட்டை. வைத்தியம், மருந்து, பல் எல்லாம் அதில் அடக்கம். வேலையில்லாதவளுக்கு வருமானம் ஏது என்று நாங்கள் நினைத்தோம். வேலை இல்லை என்பதற்காகக் கொடுக்கிற பணமும் வருமானம்தான் என்றார் மாமியார். மூன்று மணிக்கே வீட்டுக்குப் போன ட்வைலாவுக்குக் கூலி குறைவு. அதனால் வாரப் பணமும் குறைவு. கோட்டுக்குக் கீழே வந்துவிட்டாள். நான் கோட்டுக்கு மேலே பதினோரு டாலர்.

பதினோரு டாலர்! ராத்திரி பகலாக ரப்பர் நாற்றத்தில் நின்றதற்கு இதுதான் எனக்குக் கிடைத்த சன்மானம். அரசு மானியம் போக மீதிக் காசை நான் கட்டி வாங்கிய காப்பீட்டில் பல் என்ற பேச்சே கிடையாது. எனக்கோ வலது கடைவாய்ப் பல்லில் விரிசல். வெளியே வந்ததும் ட்வைலா அந்த அட்டையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாழ்த்து சொன்னேன்; சொன்ன விதம் எனக்கே பிடிக்கவில்லை.

அந்த அட்டையை ஏற்கும் பல் மருத்துவர் மாவட்டத்துக்கே ஒருவர்தான். அவருக்காகக் காத்திருப்போர் வரிசையிலிருந்து ஒரு தடவை விழுந்தால், திரும்ப ஏற அடுத்த வருடம் ஆகிவிடும். ஆகஸ்டில் போர்டு மெம்பர்கள் ஐவரையும் பிடுங்கிப் போட்டார்கள். ஈறு ஆறிய பிறகுதான் பல் செட்டுக்கு அளவு எடுப்பார்கள். அதுவரை ட்வைலாவுக்குச் சூப்பும் ஓட்ஸ் கஞ்சியும், ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் சீவலும்தான். ஈறிலேயே மென்று, கன்னம் உள்வாங்கி, அப்போதும் சிரித்தாள்.

ஈறு ஆறும் முன்பே ஆலை கூப்பிட்டது. அவசர ஆர்டர், ஆறு வாரத்துக்கு முழுநேர வேலை, எங்கள் இருவருக்கும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ட்வைலா என் சமையலறையில் காப்பியை ஆறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆறு வாரக் கூலி வந்தா நான் கோட்டைத் தாண்டிருவேன்டி. அட்டை போயிரும். டாக்டர் என்னை இப்படியே பொக்கையா விட்ருவார்."

"போகாம இருந்தா? வந்த வேலையை மறுத்தா வாரப் பணத்தை நிறுத்திருவாங்களே!"

"நிறுத்தட்டும்."

"நிறுத்தினா கையில சல்லிக்காசு இருக்காதேடி!"

"அதைத்தான் நானும் சொல்றேன். சல்லிக்காசு இல்லாதவ கோட்டுக்குக் கீழதானே இருப்பா?" ஈறைக் காட்டிச் சிரித்தாள். "அட்டை எங்கயும் போகாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை, மறுத்தீர்களா என்று செல்போன் கேட்டதும் அவள் கத்தியை நீட்டவில்லை. 'ஆம்' என்பதை நிதானமாக அமுக்கினாள். பணம் நின்றது. விவரம் சொல்ல மாமியாரிடம் போனபோது நானும் கூடப் போனேன்.

"இப்ப உங்க வருமானம்?"

"சைபர்."

"அப்ப சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

"பல்லே இல்லையேம்மா, சாப்பாடு எதுக்கு?"

மாமியார் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். சாப்பாட்டுக்கு ட்வைலா பிக்கப்பை விற்றாள். கணவர் ஆசையாக வாங்கிய வண்டி. விலைக்கு எடுத்தவன் அதை ஓட்டிக்கொண்டு போனபோது வாசலில் நின்று கையாட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், மறுநாள்தான் திறந்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கும் நடைதான். ஒரு நாள் பீன்ஸ் வேகவைத்தால் நான்கு நாளைக்கு வைத்துக்கொள்வாள்.

நான் வேலைக்குப் போனேன். மூன்றாம் வாரம், இடைவேளையில் பிரெட்சல் என்ற கெட்டி உப்பு பிஸ்கட் ஒன்றைக் கடித்தபோது, விரிசல் விட்ட என் பல் இரண்டாகப் பிளந்தது. ஆறு வாரக் கூலியும் என் வீட்டுக் கடனின் பாக்கிக்குப் போயிற்று. ஆலை மறுபடி மூடியது. நான் மறுபடி வாரப் பணத்துக்கு வந்தேன், மறுபடி கோட்டுக்கு மேலே.

ட்வைலாவுக்குப் பல் வந்துவிட்டது. வரிசையாக, வெள்ளையாக, பார்க்கிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி. அவள் அதை ஒளிக்கவும் இல்லை. கடையில் சிரித்தாள், தேவாலயத்தில் ஆமென் சொல்லும்போது சிரித்தாள், பாதிரியாரின் நாயைப் பார்த்துச் சிரித்தாள். ஊரே அவளுக்குப் பத்து வயது குறைந்துவிட்டதாகச் சொன்னது. என்னிடமும் வந்து சொன்னது. பல்லின் மேலான பொறாமையைக்கூட நான் தாங்கிக்கொள்வேன். ஒரு வேலையைப் பார்த்து, மாட்டேன் போ என்று சொல்ல முடிந்ததே அவளால், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் காரில் உட்கார்கிறோம். அவளுக்கு மனு கிடையாது, பழக்கத்துக்கு வருகிறாள். போன வாரமும் முழு ஆப்பிளோடு வந்து, கரக்கென்று கடித்தாள். சாறு முகவாயில் வழிந்தது.

"கொஞ்சம் மெதுவாத்தான் கடியேன். ஊருக்கே கேக்குது."

"கேக்கட்டும்டி! எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?" மறுபடி ஒரு கரக். "அன்னைக்கு நீயும் மாட்டேன்னு சொல்லியிருக்கலாம், ரோண்டா. உனக்கும் இந்நேரம் அட்டை வந்திருக்கும்."

"என் வீட்டுக் கடனை யாரு கட்டுவா? உன் பல்லா?"

கத்தியே விட்டேன். காரின் ஏசியிலிருந்து குளிர் காற்று வந்துகொண்டிருந்தது. அது வாய்க்குள் நுழைந்து உடைந்த பல்லில் பாய்ந்தது. கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஸ்டியரிங் மேல் சாய்ந்தேன். செல்போன் திரையில் அந்தப் பழைய கேள்வி பதிலுக்காகக் காத்திருந்தது.

ட்வைலா கடித்த ஆப்பிளைக் கைக்குட்டையில் சுற்றி வைத்தாள். பையைத் துழாவி இன்னொரு ஆப்பிளையும் பழைய கத்தியையும் எடுத்தாள். அந்தக் கத்தியை அவள் இன்னும் வைத்திருப்பது எனக்குத் தெரியாது. வெங்காயச் சருகு போல ஒன்றைச் சீவி, முனையில் ஏந்தி, என் வாயருகே நீட்டினாள். நான் வாங்கிக்கொண்ட பிறகு, அதே மெலிவில் இன்னொன்றைச் சீவித் தன் நாக்கில் வைத்து, அத்தனை பற்களையும் உதட்டுக்குள் மூடிக்கொண்டு, உறிஞ்சத் தொடங்கினாள்.