நாற்பத்தோரு மாப்பிள்ளைகளைச் சுமந்த குதிரை

சாஸ்திரப்படி பார்த்தால் நான் இந்நேரம் செத்திருக்க வேண்டும். என் கணவன் வாங்கிய குதிரையின் இடது விலாவில், ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்கு, மயிர் எதிர்ப்பக்கமாகச் சுழன்று நிற்கும். தரகர்கள் அதைப் பெண்டிழந்தான் சுழி என்பார்கள். அந்தச் சுழியுள்ள மாட்டையோ குதிரையையோ வாங்குகிறவன் பெண்டாட்டியைப் பறிகொடுப்பான் என்பது அவர்கள் கணக்கு. நான் புள்ளியியல் படித்தவள். யார் போட்ட கணக்கானாலும் சரிபார்க்காமல் விடமாட்டேன்.

2006-ல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. சேர்ந்தபோது எங்கள் வகுப்பில் பதினெட்டுப் பேர். பதினேழு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம். கடைசி பெஞ்சு முழுவதும் கார்த்திகேசனுக்கு. மரியாதையால் விட்ட இடமல்ல அது, வாசனையால் விட்டது. பெண்ணாடத்துக்காரன், கரும்பு விவசாயி வீட்டுப் பிள்ளை. மற்ற பையன்கள் ஹாஸ்டலில் பைக் வைத்துக்கொள்ள வார்டன் காலில் விழுந்துகொண்டிருந்தபோது, இவன் சிவபுரி ரோட்டில் மூடிக்கிடந்த ஒரு ரைஸ் மில்லில் இரண்டு குதிரைகளைக் கட்டி வைத்திருந்தான். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டால்தானே இல்லையென்பார்கள் என்பது அவன் கட்சி.

முதல் குதிரை வெள்ளைப் பெட்டை, பெயர் சர்க்கரை. விருத்தாசலத்தில் கல்யாணங்களுக்குக் குதிரை விட்டுக்கொண்டிருந்த அவன் மாமா, அந்தத் தொழிலை விட்டுவிட்டு வாடகைக் கார் ஓட்டப் போனபோது இவனுக்குக் கொடுத்தது. சிதம்பரத்துக்கு வந்து தனியாக நின்ற சர்க்கரை, தீனி எடுக்காமல் பகலெல்லாம் கனைத்தது. மில் சொந்தக்காரர் சின்னையன், ஞாயிற்றுக்கிழமைக்குள் சத்தம் நிற்க வேண்டும், இல்லையென்றால் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்றார். குதிரைக்குத் துணை இன்னொரு குதிரைதான். கையிலிருந்த காசுக்குக் குதிரை கிடைக்குமா என்று கார்த்தி கடலூர் முதுநகரில் கண்ணாயிரம் என்ற தரகரிடம் போனான்.

கண்ணாயிரம் ஒரு பழுப்புக் குதிரையைக் காட்டி, சுழியையும் தானே காட்டினார்.

"தம்பிக்கு கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லண்ணே."

"அப்ப ஓட்டிட்டுப் போ. இழக்கறதுக்கு உங்கிட்ட ஒன்னும் இல்ல."

பாதி விலைகூட இல்லை. கார்த்தி அதற்குத் தாசில்தார் என்று பெயர் வைத்தான். யார் வந்தாலும் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நிற்கும், கையில் ஏதாவது கொண்டு போனால்தான் தலை நிமிரும், அதனால் அந்தப் பெயர். பக்கத்தில் தாசில்தார் வந்து நின்ற அன்றே சர்க்கரை கனைப்பதை நிறுத்திவிட்டது.

நான் அந்த மில்லுக்கு முதலில் போனது சண்டை போடத்தான். என் நோட்டை இரண்டு நாளில் தருவதாக வாங்கிப் போனவன், மூன்றாவது வாரம் பாதி நோட்டைத் திருப்பிக் கொடுத்தான். ஒரு பாடம் முழுசாகக் காணோம், ஓரமெல்லாம் பல் தடம். பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது. நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், வாசலில் நின்று வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அவன் முழங்கால் வரை சாணியோடு வந்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான்.

"தாசில்தார்கிட்ட ஃபைல் போயிடுச்சு மாலதி. திரும்பி வரும்னு நெனக்கிற?"

கோபம் வந்த வேகத்தில் சிரிப்பும் வந்து தொலைத்தது. அதிலிருந்துதான் என் புத்தி கெட்டது.

நாலரை மணிக்கு எழுந்து சாணி அள்ளுவான், ஊறவைத்த கொள்ளு வைப்பான், உடம்பு தேய்த்துவிடுவான், குளம்பைச் சுத்தம் செய்வான், ஒன்பதரைக்கு வகுப்பு. வெள்ளிக்கிழமை ஹாஸ்டல் பொரியலில் கேரட் என்று போர்டில் எழுதியிருக்கும், தட்டில் முட்டைக்கோஸ் மட்டும் இருக்கும். மெஸ் சமையல்காரர் தேவசகாயத்தின் வீட்டு ரோஜாச்செடிகள் மட்டும் ஏன் அப்படிப் பூக்கின்றன என்று யாரும் யோசித்ததில்லை. கேரட் மில்லுக்குப் போனது, சாணி ரோஜாவுக்கு வந்தது. தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. நானும் கூட்டுக் களவாணிதான்.

தீனிச் செலவுக்குக் கல்யாண ஊர்வலம். முகூர்த்த நாட்களைக் காலண்டரில் பார்த்தே அவன் எந்தெந்த நாள் வகுப்புக்கு வரமாட்டான் என்று சொல்லிவிடுவேன். எங்கள் வகுப்பில் யாரும் செய்த முன்கணிப்புகளில் பிசகாமல் பலித்தது அது ஒன்றுதான். சர்க்கரை பேண்டு சத்தத்துக்கு மிரளும். தாசில்தாரோ காலடியில் சரவெடி வெடித்தாலும் கண்ணைத் திறக்காது. அதனால் மாப்பிள்ளைகளைச் சுமக்கும் வேலை எப்போதும் தாசில்தாருக்கு. சுழி தெரியாமல் இரண்டு பக்கமும் ஜரிகைத் துணி தொங்கும்.

"ஏன் கார்த்தி, பெண்டிழந்தான் சுழி மேல கால வச்சிக்கிட்டா மாப்பிள்ள தாலி கட்டப் போறாரு? இது அடுக்குமா?"

"மாப்பிள்ள அன்னிக்கு காலுக்குக் கீழ என்ன இருக்குன்னா பாக்கறாரு?"

மூன்று வருஷத்தில் நாற்பத்தோரு மாப்பிள்ளைகள். எம்.ஃபில். சேர்ந்த பிறகு எனக்கு அந்த எண் தூக்கத்தில் வர ஆரம்பித்தது. அவன் பத்திரமாக வைத்திருந்த கல்யாணப் பத்திரிகைகளில் முகவரி பார்த்து, சிதம்பரம், புவனகிரி, பரங்கிப்பேட்டை, குறிஞ்சிப்பாடி என்று பஸ் ஏறிப் போனேன். இல்லறம் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னேன், பாதி உண்மைதானே. நாற்பத்தோரு மனைவிகளும் நலம். மூவர் கணவரோடு சிங்கப்பூரில் இருந்தார்கள், வீட்டார் போட்டோ காட்டினார்கள். ஆறு பேர் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தார்கள். புவனகிரியில் ஒருத்தி என் கண் முன்னாலேயே கணவன் மேல் எவர்சில்வர் டம்ளரை எறிந்தாள். உயிரோடு இருப்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி எங்கே கிடைக்கும்?

இந்தச் சந்தோஷத்தோடுதான் 2009 கோடையில் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

அப்பா ராஜமாணிக்கம் செம்மண்டலத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். எனக்கு ஐந்து வயதில் அம்மா மஞ்சள் காமாலையில் இறந்த பிறகு, திட்டக்குடி பக்கத்திலிருந்த நிலத்தையும் மாட்டையும் விற்றுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு கடலூர் வந்தவர். மறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்குப் பின்னல் போடக் கற்றுக்கொண்டார், ஆனால் கடைசி வரை கோணலாகத்தான் போட்டார். அவருக்குப் பிடிக்காமல் நான் எதுவும் செய்துவிட முடியாது. கார்த்தியை விடவும் முடியாது.

பையனைப் பார்க்க வேண்டும் என்றார். கோடை விடுமுறையில் கார்த்தி தேவனாம்பட்டினம் கடற்கரையில் பிள்ளைகளைக் குதிரையேற்றிச் சுற்றிவருவான். அங்கேயே கூட்டிப் போனேன். முதல் பேச்சிலேயே அவன் "வாங்க மாமா" என்றான். அப்பா மீசைக்குள் சிரித்துக்கொண்டார். ஊர், படிப்பு, நிலம் எல்லாம் விசாரித்தார். குதிரைக்குக் கொள்ளு எவ்வளவு வைக்கிறாய் என்று கேட்டார். பேசிக்கொண்டே மாட்டுக்காரர் வழக்கத்தில் தாசில்தாரைத் தடவிக்கொண்டே வந்தார். கழுத்து, முதுகு, விலா. விலாவில் கை நின்றுவிட்டது.

"சுழி இருக்கறத சொல்லித்தான் குடுத்தானா?"

"சொன்னாங்க மாமா."

"சொல்லியும் வாங்குன."

அப்பா கையை எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னார்.

"பையன் நல்ல பையன். அந்தக் குதிர அவன்கிட்ட இருக்கற வரைக்கும் இந்தப் பேச்சு வேணாம் பாப்பா."

கண்ணாயிரம் குதிரையைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். சுழியைச் சொன்னால் வாங்க ஆளில்லை. சொல்லாமல் விற்க கார்த்திக்கு மனமில்லை. தாசில்தார் போனால் சர்க்கரை பட்டினி கிடக்கும். இதையெல்லாம் அடுக்கிச் சொல்லிவிட்டு அவன் கடைசியில் சொன்னதுதான் நிஜமான காரணம்.

"என்ன நம்பி நிக்கிற வாயில்லாத ஜீவன தள்ளிவிட்டுட்டு ஒன்ன கட்டிக்கிட்டா, நாளைக்கு உனக்கே என்ன புடிக்காது மாலதி."

அது உண்மை என்பதால் எனக்கு எரிச்சல் இன்னும் ஜாஸ்தியானது. மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நாலாம் நாள் நாற்பத்தோரு மனைவிகளின் விவரத்தையும் எடுத்துக்கொண்டு அப்பா முன் உட்கார்ந்தேன். ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். டம்ளர் எறிந்தவளின் பக்கத்தில் கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தார்.

"இந்த மாப்பிள்ளைங்க எல்லாம் ஏறுனவங்க. வாங்குனவங்க இல்லியே பாப்பா."

சைக்கிள் கடைக்காரர் ஒரே வரியில் என் ஆராய்ச்சியைக் கவிழ்த்துவிட்டார். தப்பான ஆட்களிடம் போய்க் கணக்கெடுத்திருக்கிறேன். என் எம்.ஃபில். கைடுகூட இவ்வளவு சுருக்கமாக என் மானத்தை வாங்கியதில்லை. ஆனால் பஸ்ஸில் சிதம்பரம் திரும்பும்போது ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. வாங்குகிறவன்தானே பெண்டாட்டியை இழப்பான்? வாங்குகிறவளுக்குப் பெண்டாட்டி ஏது?

மறுநாளே கடலூர் திரும்பி, கார்த்தியையும் தாசில்தாரையும் கூட்டிக்கொண்டு கண்ணாயிரம் வீட்டு வாசலில் போய் நின்றேன். சாஸ்திரத்தைச் சொன்ன ஆளே குதிரையைக் கார்த்தியிடமிருந்து எனக்கு முறைப்படி கைமாற்றிவிட வேண்டும் என்றேன். அவர் தொழிலில் விலையை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கையை ஒரு துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். வயசுப் பெண்ணின் விரலைத் துண்டுக்குள் பிடிப்பதா என்று கண்ணாயிரம் நெளிந்தார். கார்த்தியோ, "அண்ணே, வேணும்னா நான் புடிச்சிக்கிறேன்" என்று முன்னால் வந்தான். கடைசியில் கண்ணாயிரத்தின் மனைவி ராசம்மாள் அடுப்பை விட்டு எழுந்து வந்தார். துண்டுக்குள் ஒரு பக்கம் என் விரலையும் மறுபக்கம் வீட்டுக்காரர் விரலையும் பிடித்து, நாற்பது வருஷம் தரகு செய்தவர்போல அழுத்தமாக விலை பேசினார். நூற்றியொரு ரூபாய்க்குத் தாசில்தார் என்னுடையதானது.

"பொம்பள வாங்குனா என்ன ஆவும்ணே?" என்று கேட்டேன்.

கண்ணாயிரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பொம்பள எவ குதிர வாங்குனா? அதுக்கு சுழியில ஒன்னும் சொல்லலம்மா."

குதிரை என் பேருக்கு மாறியதை ஒரு ரசீதாக எழுதி வாங்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். அப்பா ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். துண்டு, ராசம்மாள், கார்த்தி அசடு வழிந்தது எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். அப்பா சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு ரசீதை வாங்கி, இரண்டு தடவை படித்தார்.

"திட்டக்குடியில இருந்தப்ப ஒரு ஜோடி மயிலக்காள வாங்குனேன் பாப்பா. ஒன்னுக்கு இதே சுழி. வெல கம்மின்னு புடிச்சிட்டு வந்தேன். எட்டாம் மாசம் உங்கம்மா போயிட்டா."

இதை அவர் அதுவரை என்னிடம் சொன்னதில்லை.

"அம்மாவுக்கு மஞ்சக் காமாலப்பா."

"தெரியும். டாக்டரும் அதான் சொன்னாரு." ரசீதைத் திருப்பிப் பார்த்தார். "அத உங்கம்மா பேருல வாங்கியிருக்கலாம். எனக்கு தோணல பாரு."

சாமர்த்தியம் காட்டப் போன நான், பத்தொன்பது வருஷமாக அவர் மனசுக்குள் வைத்திருந்த பழிக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்திருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒன்னே ஒன்ன வச்சிக்கிட்டு அப்படி முடிவு பண்ணக்கூடாதுப்பா. நான் படிச்சதுல மொதப் பாடமே அதான்."

"எனக்கு ஒருத்திதானம்மா இருந்தா."

அழுதேன். அவர் அழவில்லை. ரசீதை நாலாக மடித்து என் கையில் வைத்தார்.

"தை மாசம் வச்சிக்கலாம். ஆனா இத எப்பவும் அவன் பேருக்கு மாத்தாத."

தையில் கல்யாணம் நடந்தது. கார்த்தி எம்.ஃபில். முடித்து ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறான். இப்போதும் முதல் வரிசைப் பிள்ளைகள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்கிறார்கள். நான் பிஎச்.டி.க்குச் சிதம்பரம் போய் வருகிறேன். நாலரை மணி சாணி இப்போது என் முறை, சொந்தக்காரி நான்தானே. குதிரைகள் அப்பாவின் கடைக்குப் பின்னால் நிற்கின்றன. தாசில்தார் பக்கம் அப்பா அதிகம் போவதில்லை, ஆனால் தினமும் அதற்குத் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்.

போன மாதம், 2012 ஆனியில், குதிரைகளுக்கு இன்சூரன்ஸ் எழுத ஒருவர் வந்தார். படிவத்தை விரித்துக்கொண்டு, "சார் பேருலயே போட்டுடலாமா மேடம்? சம்பளக்காரர், அப்புறம் கிளெய்ம் பண்ண ஈசியா இருக்கும்" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். எனக்குச் சுழியில் துளியும் நம்பிக்கை கிடையாது. முன்னால் கடையில் பம்பு அடிக்கும் சத்தம் சட்டென்று நின்றுவிட்டிருந்தது.

"வேணாம் சார். என் பேருலயே இருக்கட்டும்" என்றேன், கடை வரை கேட்கும்படியாக.