ஒன்றுக்கு மூன்று

சல்கினாய் அக்காவுக்குக் கை தாராளம். அந்தத் தாராளம் ஒருமுறை என் தலையில் வந்து விடிந்தது.

பிஷ்கெக்கில் எங்கள் பேருந்து நிறுவனத்துக்கு ஒரே பெரிய சர்வர். டிக்கெட், சம்பளம், சோதனை என்று அதை மூன்றாகப் பிரித்திருக்கிறோம். எந்தப் பகுதிக்கு எத்தனை கோர், அதாவது கணக்குப் போடும் செயலி, என்பதைப் பத்தொன்பது வருடமாகக் கையால் தட்டி மாற்றுபவர் அக்கா. தானாக மாற்றும் மென்பொருளை விற்க வந்தவரை, "அதுக்கு முகதாட்சண்யம் தெரியுமா?" என்று கேட்டே திருப்பி அனுப்பிவிட்டார்.

சோதனைப் பகுதி என்னுடையது. வெள்ளி மதியத்துக்குள் புது டிக்கெட் நிரலைச் சோதித்து முடித்தால்தான் எனக்கு விடுப்பு. சனிக்கிழமை என் ஊர் நாரினில், புதிதாய்ப் பிறந்த என் மகளுக்கு நாற்பதாம் நாள் விழா. பிள்ளையின் முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. புதன்கிழமை காலையில் பார்த்தால் வேலை நகரவே மாட்டேன் என்கிறது. நான்கு கோர் இருந்த இடத்தில் இரண்டுதான் இருந்தது. இப்படிப் போனால் திங்கள் ஆகிவிடும். கொதிப்போடு அக்காவிடம் போனேன்.

"என் கோர் ரெண்டு எங்கக்கா?"

"மாசக் கடைசியில சம்பளத்துக்காக டிக்கெட்டுகிட்ட ரெண்டு வாங்குவேன்ல? திருப்பும்போது மூணா வைப்பேன். பக்கத்து வீட்டுச் சட்டிய வெறுஞ்சட்டியாவா திருப்புவாங்க?"

"அந்த ஒண்ணு என்கிட்டேருந்தா போகணும்?"

"ரெண்டு மாசமா சம்பளமே இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு கெடக்கு. நீ சும்மாதானே இருந்தே, மாசத்துக்கு ஒண்ணா எடுத்தேன்."

"அப்ப திரும்ப வாங்கிக் குடுங்க."

"குடுத்ததப் புடுங்கவா? மூஞ்சிய எங்க வச்சுக்குவேன்?"

டிக்கெட் பகுதிக்கு முகமே கிடையாது என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அக்கா தேநீரை உறிஞ்சியபடி யோசித்தார்.

"நீ டிக்கெட்டுக்கு ஒண்ணு கடன் குடு."

"இருக்கறதே ரெண்டுக்கா."

"குடுன்னா குடேன்டா."

தலையாட்டினேன். அக்கா ஒன்றை மாற்றினார். சட்டி அரை நாளாவது அந்த வீட்டில் இருக்க வேண்டுமாம். மதியம் வரை ஒற்றைக் கோரோடு அழாத குறையாக உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் நான்கு இருந்தது.

"ஒண்ணுக்கு மூணாக்கா?"

"புள்ள பொறந்த வீடு. ரெண்டு கூட வச்சாத்தான் மரியாதை."

வெள்ளி பதினொரு மணிக்குச் சோதனை முடிந்தது. நாரின் வண்டிக்கு நேரமிருந்ததால், கூடுதலாக வந்த இரண்டை டிக்கெட்டுக்கே திருப்பிவிட்டுப் போகலாமென்று அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். 'இரண்டு' என்று தட்டினேன். மனசு கேட்கவில்லை.

அழித்துவிட்டு 'மூன்று' என்று தட்டினேன்.