தறிச் சத்தத்தில் கேட்ட கேள்வி

தறி ஓடுகிற வீட்டில் ரகசியம் பேச முடியாது. பக்கத்தில் நிற்பவரிடம் தண்ணீர் கேட்பதற்கே தொண்டை கிழியக் கத்த வேண்டும். இப்போது ஓய்வுபெற்று நான் ஒண்டியாக இருக்கும் வீட்டில் மின்விசிறிச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, அந்தத் தறிச் சத்தம் அடிக்கடி காதில் விழுகிறது. தொண்ணூறுகளில் சோமனூர்ப் பக்கம் கிராம நர்ஸாக இருந்தேன். புதுத் தம்பதிகளைப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. அப்படிப் போனபோதுதான் தறிக்குடோன் வாசலில் அந்தப் புது மருமகளைப் பார்த்தேன். கல்யாணமாகி இருபது நாள். பக்கத்திலேயே மாமியார்.

"வேற நோவுக்கு மாத்திரை ஏதாச்சும் திங்கறயா கண்ணு?" என்று கத்தினேன். மாமியார் முந்திக்கொண்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க நர்ஸம்மா. எங்கூட்டு மருமக கல்லாட்ட இருக்கறா!" அவளும் தலையாட்டினாள். நான் 'இல்லை' என்று எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இன்னும் ஆறு வீடு பாக்கி இருந்தது. நர்ஸ் என்று பெயர்தான், புத்தி எங்கே போயிற்றோ!

அடுத்த வருடம் கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்குக் குழந்தை பிறந்தது. முதுகெலும்பு மூடவில்லை, முதுகில் கட்டி, கால்கள் அசையவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டது. "கெரகணத்தன்னிக்கு வாசல்ல நின்னா. சொன்னாக் கேட்டாத்தானுங்க?" என்று, நான் பார்க்கப் போனபோது மாமியார் வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் டீ வாங்கப் போன நேரத்தில் அவள் என் கையைப் பிடித்தாள்.

"எனக்குச் சின்னதுலிருந்தே வலிப்புங்க நர்ஸக்கா. மறைச்சுத்தான் கட்டிக்குடுத்தாங்க. ஆருக்கும் தெரியாம மாத்திரை தின்னுட்டிருந்தேனுங்க. அதுனாலயாங்க?"

வலிப்பு மாத்திரைகளில் சிலவற்றால் அப்படி நேரலாம். அதற்காகத் தானாக நிறுத்திவிடவும் கூடாது. கருத்தரிக்கும் முன்பே தெரிந்திருந்தால் டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றி, ஃபோலிக் ஆசிடும் ஆரம்பித்திருப்பார். குழந்தையின் முதுகெலும்பு மூட வேண்டியது முதல் மாதத்திலேயே. பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் தெரியும். இத்தனையும் தெரிந்த நான், "உன்ற தப்பு இல்ல கண்ணு" என்று மட்டும் சொன்னேன். "அத்தைகிட்டச் சொல்லிப்போடாதீங்க" என்று அழுதாள். சொன்னால் வலிப்புக்காரி, சொல்லாவிட்டால் சொன்ன பேச்சுக் கேளாமல் பிள்ளையைக் கொன்றவள். வாயை மூடிக்கொண்டேன். இரண்டே மாதத்தில் அவளைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்.

அதன்பின் புதுப்பெண் எவளையும் மாமியார் முன்னால் நான் விசாரித்ததில்லை. எடை பார்க்க வேண்டும் என்று தனியாக வரவழைத்து, கதவைச் சாத்திவிட்டுக் கேட்பேன். வாய்திறந்து சொன்னவர்கள் நிறையப் பேர். ஒவ்வொருத்தி சொன்னதையும் குறித்துக்கொண்டு டாக்டரிடம் அனுப்பிவைப்பேன்.

மனசு கேட்காமல் ஒருநாள் காந்திபுரத்தில் பஸ் மாறித் தொண்டாமுத்தூரில் இருந்த அவளுடைய தாய்வீட்டுக்குப் போனேன். ஆள் இளைத்துப் போயிருந்தாள். களத்தில் தனியாக உட்கார்ந்து தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் மூச்சுவிடாமல் பேசினேன். மாத்திரையை மாற்றலாம், ஃபோலிக் ஆசிட்டை முன்கூட்டியே தொடங்கலாம், அடுத்த குழந்தை நல்லபடியாகப் பிறக்க வழி இருக்கிறது, பெரிய டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன் என்றேன். அவள் அழுகின தக்காளிகளை ஒதுக்கிப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கூட்டுக்காரருக்கு வைகாசியில வேற பக்கம் கண்ணாலம் ஆயிப்போச்சுங்க நர்ஸக்கா" என்றாள். "இதையெல்லாம் இப்ப ஆருக்குங்க சொல்றீங்க?"